ஜூன்டீன்த்தை வீட்டில் கொண்டாடுவது எப்படி: பெயர்ச்சீட்டு முதல் சிவப்புச் சாறு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என் மாமியாரை வீட்டில் எல்லோரும் 'மாமா' என்றுதான் அழைக்கிறார்கள். அமெரிக்கத் தெற்கில், அதிலும் கறுப்பினக் குடும்பங்களில், அம்மாவுக்கு அதுதான் பெயர். பாட்டி என்றால் 'பிக் மாமா'. கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து என் அம்மா போனில் "இன்று யார் சமையல்?" என்று கேட்பார். "மாமா" என்பேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் என் மாமனாரின் கைமணத்தைத் தெரு முழுக்கப் பாராட்டிக்கொண்டிருந்தார் என்று. என் மாமனாருக்கு வெந்நீர் வைக்கவும் வராது.

குழப்பம் தீர இங்கே மாமியார் என்றே எழுதுகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஜூன் 19 அன்று கொண்டாடும் விடுதலைத் திருநாள் ஜூன்டீன்த். அதைக் கொண்டாட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன தமிழ்ப்பெண். ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். என்னைப் போல இப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ் அம்மாக்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பு வந்து, என்ன எடுத்துக்கொண்டு போவது என்று விழிப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்குமாக இதை எழுதுகிறேன். செய்து செய்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

முதலில், அந்த நாளில் நடந்தது என்ன

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜனவரி 1 அன்று, அதிபர் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வெளியானது. கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் எல்லோரும் இனி விடுதலை பெற்றவர்கள் என்றது அது. ஆனால் டெக்ஸாஸில் அதை அமல்படுத்த ஆளில்லை. வடக்குப் படைகள் அங்கே நிலைகொள்ளவில்லை. போதாக்குறைக்கு மற்ற மாநிலங்களின் பண்ணை முதலாளிகள், படை நெருங்க நெருங்க, ஆயிரக்கணக்கானோரை டெக்ஸாஸுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1865 ஏப்ரலில் தெற்கின் தளபதி ராபர்ட் லீ சரணடைந்த பிறகும் வயல்களில் வேலை நிற்கவில்லை. 1865 ஜூன் 19 அன்றுதான் வடக்குப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுக நகரத்தில் 'பொது ஆணை எண் 3' என்பதை வெளியிட்டார். அப்போது டெக்ஸாஸில் அடிமைத்தளையில் இருந்தவர்கள் சுமார் 2,50,000 பேர். ஜூன் என்பதையும் பத்தொன்பதைக் குறிக்கும் நைன்டீன்த் என்பதையும் மக்கள் வாய் ஒன்றாக்கிக்கொண்டதுதான் ஜூன்டீன்த்.

"இரண்டரை வருடம் செய்தி தாமதமாக வந்தது" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். தபால்காரர் குதிரை நொண்டியது போன்ற கதையாகிவிடும். பலருடைய காதில் செய்தி முன்பே விழுந்திருந்தது. அடிமைப்படுத்தியவர்களுக்கோ நன்றாகவே தெரியும். பருத்தி அறுவடை முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மறு ஆண்டிலிருந்தே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. பொது இடங்களில் கூட அனுமதி மறுக்கப்பட்டபோது, ஹூஸ்டனில் விடுதலை பெற்றவர்கள் பணம் திரட்டி 1872-ல் பத்து ஏக்கர் நிலத்தையே வாங்கினார்கள். அதுதான் இன்றைய எமன்சிபேஷன் பூங்கா. ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை தாங்களே சொத்தாக எழுதப்பட்டிருந்தவர்கள் சொத்து வாங்கினார்கள் என்பதை அந்தப் புல்வெளியில் நின்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஏதோ புரிகிறது. டெக்ஸாஸ் இதை 1980 முதல் மாநில விடுமுறையாக்கியது. நாடு முழுவதற்கும் விடுமுறையானது 2021-ல்.

மே மாதம்: பெயர்களைச் சேர்ப்பது

ஜூன் 18 அன்று கடைக்குப் போய்க் கொடியும் காகிதத் தட்டும் வாங்கினால் கொண்டாட்டம் ஆகிவிடாது. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் வேலை, வீட்டுப் பெரியவர்களிடம் பெயர் கேட்பது.

நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு "உங்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. நான் கேட்டபோது என் மாமியார், "என்ன சொல்ல, வளர்ந்தோம்" என்று முடித்துவிட்டார். மறு வாரம் அவருடைய அலமாரியிலிருந்த வார்ப்பிரும்புச் சட்டியைத் துடைத்துக்கொண்டே "இது யாருடையது?" என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்தச் சட்டி அவருடைய பாட்டியுடையது. அதைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ரயிலேறிய சித்தி ஒருத்தி இருந்திருக்கிறாள். வேலை பிடிக்காமல் சட்டியோடு திரும்பி வந்திருக்கிறாள். தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்த 'பெரும் இடப்பெயர்வு' பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதில் எங்கள் வீட்டுச் சட்டியும் போய்வந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. ஆகவே கேள்வியோடு போகாதீர்கள். ஒரு பொருளை எடுத்துக் கையில் கொடுங்கள்.

பைபிளின் முன்பக்கங்களைப் பாருங்கள். பல குடும்பங்களில் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். இறுதிச் சடங்கில் அச்சிட்டுக் கொடுக்கும் சிறு கையேடுகளையும் யாராவது ஒரு அத்தை டப்பாவில் சேர்த்துவைத்திருப்பார். உடன்பிறந்தவர்கள் பெயர் வரிசையாக அதில் இருக்கும்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1940-லிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னே போங்கள். 1870-ல் போய் முட்டுவீர்கள். வம்சாவளி தேடுபவர்கள் அதை '1870 சுவர்' என்கிறார்கள். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் முதன்முதலாகப் பெயரோடு எழுதப்பட்ட கணக்கெடுப்பு அது. அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் கிடையாது.

அந்தத் தாளை நான் மகளுக்குக் காட்டவில்லை, முதலில் நானே பார்த்தேன். பிரசோரியா மாவட்டம், கரும்பும் பருத்தியும் விளைந்த பகுதி. வரிசையாக எண்கள்: 34, 30, 12, 7, 3. அந்த 12-தான் எங்கள் ஆளாக இருக்கலாம். 1870-ல் அதே ஊரில் 22 வயதில் ஒரு பெண் பெயரோடு இருக்கிறாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது. "இருக்கலாம் என்றே எழுது" என்றார் மாமியார். பென்சிலால் எழுதினேன்.

விடுதலைக்குப் பிறகு அந்த மக்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, விற்கப்பட்டுப் பிரிந்துபோன உறவுகளைத் தேடியது. நியூ ஆர்லியன்ஸில் வெளியான ஒரு திருச்சபைப் பத்திரிகை 1870-களின் இறுதியில் 'தொலைந்த உறவுகள்' என்ற பகுதியைத் தொடங்கியது. அம்மாவின் பெயர் இன்னது, எங்களை வைத்திருந்தவர் இன்னார், பிரிந்தபோது என் வயது இத்தனை என்று எழுதி அனுப்புவார்கள். சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். பாதிரியார்கள் அதை வழிபாட்டு மேடையிலிருந்து வாசிப்பார்கள், கூட்டத்தில் யாருக்காவது தெரிந்திருக்காதா என்று. இந்தக் கடிதங்கள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே ஒரு கடிதத்தைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவைப்படும்.

கிடைத்த பெயர்களை அட்டைச் சீட்டில் ஒன்றொன்றாக எழுதுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு பெயர், தெரிந்த தொழில், தெரிந்த ஊர். பெயர் தெரியாதவர்களுக்கும் சீட்டு உண்டு: 'பெண், வயது 30'.

ஜூன் முதல் வாரம்: பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது

என் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. முதல் ஆண்டு ஆர்வக்கோளாறில் ஒரு பெரிய அட்டை தயாரித்தேன். கப்பல், சங்கிலி, ஏலமேடை, சாட்டைத் தழும்போடு ஒரு முதுகு. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள் இரவு படுக்கையில் கேட்டாள்: "அப்பாவையும் விற்றுவிடுவார்களா?" மறுநாள் மாமியார் ஒன்றும் பேசாமல் அட்டையைக் கழற்றி, மடித்து, கார் ஷெட்டில் வைத்தார். பிறகு சொன்னார்: "எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்கிறாய். நாங்கள் யார் என்பதை எப்போது சொல்வாய்?"

அன்றிலிருந்து வரிசை மாறியது. முதலில் மனிதர்கள்: நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள், இரும்பு அடிக்கத் தெரிந்தவர்கள், பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள். அதன்பிறகுதான் அவர்களுக்கு இழைக்கப்பட்டது. தமிழில் பேசும்போது 'அடிமைகள்' என்று சொல்வதைக் குறைத்து 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' என்று சொல்லிப் பழகினேன். நீளம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'படுத்தியவர்' ஒருவர் இருக்கிறார்; பிள்ளைகள் உடனே "யார்?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும்: "சிலர் மற்றவர்களைக் கூலி கொடுக்காமல் கட்டாயமாக வேலை வாங்கினார்கள். அது தப்பு. பலர் எதிர்த்தார்கள். இன்று அது முடிந்த நாள்." எட்டு ஒன்பது வயதில் குடும்பங்கள் பிரிக்கப்பட்டதைச் சொல்லலாம்; 'தொலைந்த உறவுகள்' கடிதம் அந்த வயதுக்குத்தான். நடித்துக்காட்டும் விளையாட்டு எந்த வயதிலும் வேண்டாம். தெரிந்த ஒரு குடும்பத்துப் பையனை அவன் பள்ளியில் 'ஏலம்' நாடகத்தில் நிற்கவைத்தார்கள். அந்த வருடம் முழுக்க அவன் வரலாற்றுப் பாடம் என்றாலே வயிற்றுவலி என்றான்.

வருடத்துக்கு ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் ரோஸா பார்க்ஸும் பள்ளியிலேயே வந்துவிடுவார்கள். நீங்கள் வாழும் மண்ணிலிருந்து தேடுங்கள். எங்கள் மாநிலத்தில் அட்லாண்டா என்ற சிற்றூரில் 1892-ல் பிறந்த பெஸ்ஸி கோல்மன், அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் விமானம் ஓட்டக் கற்றுத்தர முன்வராததால் பிரெஞ்சு கற்றுக்கொண்டு பிரான்ஸுக்குப் போய் 1921-ல் உரிமம் வாங்கி வந்தார். என் மகன் இரண்டு மாதம் சமையலறைக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெஸ்ஸியாகத் திரிந்தான்.

இந்த விடுமுறைக்கே காரணமான ஓப்பல் லீயின் கதையைப் பெரியவளுக்கு மட்டும் சொன்னேன். 1926-ல் பிறந்தவர். 1939-ல் ஃபோர்ட் வொர்த் நகரில் வெள்ளையர் பகுதியில் அவருடைய பெற்றோர் வீடு வாங்கினார்கள். ஒரு கும்பல் வந்து அந்த வீட்டைச் சூறையாடித் தீ வைத்தது. அப்போது ஓப்பலுக்கு வயது பன்னிரண்டு. தேதி ஜூன் 19. அந்தப் பெண் ஆசிரியையாகி, ஓய்வுபெற்று, 89 வயதில் ஜூன்டீன்த்தைத் தேசிய விடுமுறையாக்கக் கோரி வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஊர் ஊராக, இரண்டரை மைல், இரண்டரை மைலாக. இரண்டரை ஆண்டுக் காத்திருப்புக்கு அடையாளமாக. 2021-ல் சட்டம் கையெழுத்தானபோது அவர் அந்த அறையில் இருந்தார். நாங்கள் அந்த இரண்டரை மைலை, அதாவது நான்கு கிலோமீட்டரை, காலையில் நடக்கிறோம். சின்னவன் பாதியில் அப்பாவின் தோளுக்குப் போய்விடுவான்.

உங்கள் பக்கத்து வரலாற்றையும் மறைக்காதீர்கள். மகள் ஒருநாள் "உங்கள் ஊரில் இப்படி இல்லையா அம்மா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தேநீர்க்கடையில் தனிக் குவளை வைத்திருந்த எங்கள் ஊர் கண்முன் வந்தது. சொன்னேன். 1959-ல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கைத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், தலித் பிள்ளைகளின் முன்னால், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தியதையும், முதலில் அதிர்ந்த கிங், யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதையும் சொன்னேன். எந்தத் தரப்பில் நம் குடும்பம் இருந்தது என்று அவள் அடுத்துக் கேட்டாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முந்தைய நாள் மாலை: தலை

சமையலைவிட இது முக்கியம் என்பேன். தலை வாரிப் பின்னுவது இங்கே ஒரு மாலை நேர வேலை. மகள் தரையில் தலையணை போட்டு உட்காருவாள், பின்னுபவர் நாற்காலியில். இரண்டு முழங்காலுக்கு நடுவே பிள்ளையின் தலை. நம் வீட்டு முற்றத்தில் அம்மா எண்ணெய் தேய்த்துவிட்ட அதே இருக்கைதான்.

நான் செய்த பிழைகளிலிருந்து சில குறிப்புகள். காய்ந்த சுருள்முடியில் சீப்பை வைக்காதீர்கள். நன்றாக நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, நான்காகப் பிரித்து, நுனியிலிருந்து வேர்நோக்கி அகலப் பல் சீப்பால் மெல்லச் சிக்கெடுங்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பேன்சீப்பை நான் எடுத்துவந்தபோது மாமியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வைத்து மீன் செதில் எடுக்கலாம்" என்றார். தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் ஈரம் முதலில், எண்ணெய் பிறகு. ஈரத்தைப் பூட்டிவைக்கத்தான் எண்ணெய். வகிடு எடுக்க வால்சீப்பு. தலையோடு ஒட்டிய சடைகள் பின்ன மூன்று மணி நேரம் ஆகும். இரவில் சாட்டின் துணித் தொப்பி போட்டுப் படுக்க வேண்டும். பருத்தித் தலையணை ஈரத்தைக் குடித்துவிடும்.

அந்த மூன்று மணி நேரம் கதைக்கானது. இந்த ஆண்டு மேடம் சி. ஜே. வாக்கர் கதை ஓடியது. 1867-ல் லூசியானாவில் பிறந்தவர், அந்தக் குடும்பத்தில் விடுதலை பெற்றவராகவே பிறந்த முதல் குழந்தை. ஏழு வயதில் பெற்றோரை இழந்து, துணி வெளுத்துப் பிழைத்து, முடி கொட்டியதால் மருந்து தேடப்போய், கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் பொருள்களைத் தயாரித்துப் பெரும் செல்வந்தரானவர். சடை பின்னியதற்காகவே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அனுப்புவதும் ஆள்களை வேலைக்கு எடுக்க மறுப்பதும் நேற்றுவரை நடந்தது. அதைத் தடுக்கும் சட்டம் டெக்ஸாஸில் அமலுக்கு வந்ததே 2023 செப்டம்பரில்தான்.

சமையலறை: சிவப்பாக இருக்க வேண்டும்

ஜூன்டீன்த் மேசையில் சிவப்பு இல்லாமல் இருக்காது. சிந்திய ரத்தத்தின் நினைவு என்பவர்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் விருந்தினருக்குக் கொடுத்த சிவப்புப் பானங்களின் தொடர்ச்சி என்பவர்களும் உண்டு. என் மாமியார் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, வேக்கோ நகரில் 1937-ல் பிறந்த 'பிக் ரெட்' சோடாவைத்தான் குடிப்பார். நான் சாறு காய்ச்சுகிறேன்.

நம் புளிச்சகீரைச் செடியின் காயைச் சுற்றிச் சிவந்து தடித்த இதழ்போன்ற பகுதியைக் காயவைத்து விற்கிறார்கள். மெக்சிகோ கடைகளில் ஹமைக்கா என்று கேட்டால் மலிவாகக் கிடைக்கும். ஒரு கப் காய்ந்த இதழைக் கழுவி, எட்டுக் கப் கொதிக்கும் நீரில் போட்டு, விரல் நீளம் தட்டிய இஞ்சி, நான்கு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்து அரை மணி நேரம் மூடிவையுங்கள். வடிகட்டி, சூட்டிலேயே முக்கால் கப் சர்க்கரை கலந்து, ஆறியபின் எலுமிச்சை பிழிந்து குளிரவையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். வெள்ளை உடையில் கொட்டினால் போகாது. அன்று எல்லோரும் வெள்ளை உடுத்துவதால் சொல்கிறேன்.

மாட்டு நெஞ்சுக்கறி என் கணவரின் துறை. முந்தைய இரவே உப்பும் மிளகும் மட்டும் அப்பி, ஓக் விறகுப் புகையில் 110 டிகிரி செல்சியஸ் அளவில் 12 மணி நேரம். யாரும் கிட்டே போகக் கூடாது. போனால் மூடியைத் திறந்துவிடுவோமாம்.

எனக்குப் பிடித்த இடம் காராமணிச் சட்டி. தட்டைப்பயறு என்றும் சொல்வோமே, அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வெண்டைக்காய்க்கும் அங்கேதான் பூர்வீகம் என்கிறார்கள். 'கம்போ' என்ற லூசியானாக் குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் பாண்டு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. சொந்த ஊர்க் காய் என்று நாம் நினைப்பது பலதும் கடல் கடந்தது, கேழ்வரகும் அப்படித்தான். இரண்டு கப் காராமணியை இரவே ஊறவைத்து, வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை, புகையிட்ட வான்கோழி இறக்கை போட்டு முக்கால் மணி நேரம் வேகவைக்கிறோம். கடைசிப் பத்து நிமிடம், பிஞ்சு வெண்டைக்காயைக் காம்போடு முழுதாக மேலே அடுக்கி மூட வேண்டும். நறுக்கினால் கொழகொழப்பு முழுதும் சாற்றில் இறங்கிவிடும். சைவத்துக்கு இறக்கைக்குப் பதில் புகையிட்ட மிளகாய்த்தூள் போதும். தாளிக்க எனக்குக் கை பரபரக்கும். தாளிப்பதில்லை.

தர்பூசணி உண்டா என்றால், உண்டு. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். விடுதலை பெற்றவர்கள் தர்பூசணி பயிரிட்டுத் தாங்களே விற்றுக் காசு பார்த்தார்கள். அதைப் பொறுக்காதவர்கள் அந்தப் பழத்தையே கேலிச் சித்திரமாக்கிவிட்டார்கள். அலுவலக விருந்தில் தர்பூசணித் தட்டு வந்தால் என் கணவர் இன்றும் தொடுவதில்லை. வீட்டுக் கொல்லையில் தோல் வெள்ளை தெரியச் சாப்பிடுவார். வெளியாளாக நீங்கள் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்றும் கொண்டுபோகக் கூடாது: உருளைக்கிழங்கு சாலட். "இதை யார் செய்தது?" என்று மேசையில் நூறு கண்கள் சந்தேகத்தோடு பார்க்கும். அதைச் செய்யும் தகுதி ஒரு குடும்பத்தில் ஓரிரு பேருக்குத்தான் உண்டு. எனக்கு ஏழு வருடம் ஆயிற்று, அதுவும் உருளைக்கிழங்கு உரிக்கும் வரைதான். விருந்தாளிக்குப் பாதுகாப்பானது ஐஸ் கட்டி மூட்டை. ஜூன் மாத ஹூஸ்டனில் அதற்கு ஈடான பரிசு இல்லை.

அன்று காலை

வெயில் 35 டிகிரிக்குப் போகும் என்பதால் நடையை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு எல்லோரும் கொல்லையில் கூடுகிறோம். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்களில் ஆகச் சிறியவர் ஆணையை வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது மகள்.

ஆணையை முழுதாக வாசியுங்கள். முதல் வரியோடு கைதட்டி நிறுத்திவிடும் வழக்கம் உண்டு: எல்லா அடிமைகளும் விடுதலை பெற்றவர்கள். அடுத்த வரி இன்னும் பெரியது: முன்னாள் எஜமானர்களுக்கும் அவர்களுக்கும் தனிமனித உரிமையிலும் சொத்துரிமையிலும் முழுச் சமத்துவம் என்கிறது. கால்வெஸ்டனில் ஸ்ட்ராண்டும் 22-ஆம் தெருவும் சந்திக்குமிடத்தில், 2021-ல் வரைந்த பெரிய சுவரோவியத்துக்கு அந்தச் சொற்களையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஹூஸ்டனிலிருந்து 80 கிலோமீட்டர்தான். வேறொரு நாள் போய்ப் பாருங்கள், அன்று கூட்டம் தாங்காது. ஆனால் ஆணையின் கடைசி வரிகள் தொண்டையில் நிற்கும்: இப்போதிருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சோம்பியிருந்தால் ஆதரிக்கமாட்டோம். போன வருடம் மகள் அந்த வரியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு நாள் எல்லா வேலையும் செய்தது இவர்கள்தானே? இவர்களைப் பார்த்தா சோம்பல் என்கிறார்கள்?" பெரியவர்கள் சிரித்தார்கள், கணவரின் மாமா ஒருவர் சிரிக்கவில்லை.

அடுத்து பெயர் சொல்லுதல். ஒரு செடிக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் குவளைத் தண்ணீரோடு நிற்பார். சீட்டிலிருக்கும் பெயரை ஒருவர் வாசிக்க, அவர் கொஞ்சம் தண்ணீர் விட, எல்லோரும் 'ஆஷே' என்பார்கள். யோருபா மொழிச் சொல், 'அப்படியே ஆகுக' என்பதுபோல. இது எல்லாக் குடும்பத்திலும் இருக்காது. பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வளர்ந்த என் மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "சாமி என்ன நினைப்பார்" என்றார். பிறகு அவரே முன்னால் ஒரு ஜெபமும் பின்னால் ஒரு 'ஆமென்'னும் சேர்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டார். 'பெண், வயது 30' என்ற சீட்டு வரும்போது அவர் தண்ணீரை மற்ற பெயர்களுக்கு விட்டதைவிட மெதுவாக விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பாட்டு. கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்றே அழைக்கப்படும் 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்' பாட்டை ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுத, அவர் தம்பி இசையமைத்தார். 1900 பிப்ரவரி 12 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 500 பள்ளிப் பிள்ளைகள் முதலில் பாடினார்கள். எழுதியவர்கள் ஊரைவிட்டுப் போனபிறகும் அந்தப் பிள்ளைகள் பாடிப் பாடிப் பரப்பியதுதான் அது. நின்றுகொண்டு பாட வேண்டும். மூன்று பத்தியும் பாட வேண்டும். மூன்றாவது பத்தி யாருக்கும் முழுதாகத் தெரியாது. மாமியாரின் உதட்டைப் பார்த்து எல்லோரும் சமாளிப்போம்.

பிற்பகல்

இதற்குத் திட்டம் போடாதீர்கள். சாப்பாடு, டாமினோ, மறுபடி சாப்பாடு. டாமினோக் கட்டையை மேசையில் வைக்கமாட்டார்கள், அறைவார்கள். சண்டை என்று பயப்பட வேண்டாம். யாராவது பாட்டை ஏற்றிவிட்டால் கொல்லையே வரிசையாகி ஒரே அடியில் ஆடித் திரும்பும். கும்மி தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். விருந்தாளிகளுக்கு ஒரே வேண்டுகோள்: பிள்ளைகளின் சடை அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள், தொட்டுப் பார்க்காதீர்கள்.

மற்ற மாதங்கள், சுருக்கமாக

பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம். கார்ட்டர் ஜி. வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926-ல் ஒரு வாரமாகத் தொடங்கியது, 1976-ல் மாதமானது. லிங்கனும் ஃபிரடெரிக் டக்ளஸும் பிறந்த வாரம் என்பதால் அந்த மாதம். அடிமைத்தளையில் பிறந்து, தப்பி, அதை எதிர்த்துப் போராடிய டக்ளஸுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது; பிப்ரவரி 14-ஐ அவரே தேர்ந்துகொண்டார். அன்று பிள்ளைகளுக்கு வாலன்டைன் மிட்டாயோடு அந்தக் கதையும் போகும். டிசம்பர் 26 முதல் ஏழு நாள், ஆப்பிரிக்க மரபைக் கொண்டாடும் குவான்ஸா. எங்கள் வீட்டில் செய்வதில்லை, செய்யும் வீடுகளுக்குப் போவோம். ஜனவரி 1 அன்று காராமணியும் கீரையும் கட்டாயம்.

அடுத்த நாள்

சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். முந்தைய நாள் யார் எதைச் சொன்னார்கள் என்பதை மறப்பதற்குள் நோட்டில் எழுதுங்கள்: தேதி, சொன்னவர், எந்தப் பொருளைப் பார்த்துச் சொன்னார். எழுதியதைப் பெரியவரிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். சட்டியைப் பற்றி நான் எழுதியிருந்த பக்கத்தில் மாமியார் ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தார். 'வேலை பிடிக்காமல் திரும்பி வந்தாள்' என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'அம்மாவைப் பார்க்க' என்று எழுதியிருந்தார். பேனாவில்.